வாடகையைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

துபாயில் மாதம் 6,000 திர்ஹம் சம்பளத்தில் வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது பெருக்கல். ஒரு திர்ஹத்துக்கு 23 ரூபாய் என்று வைத்தாலே 1,38,000 ரூபாய். வருமான வரியும் கிடையாது. வாங்கிய கடன் எப்போது அடையும், தங்கை கல்யாணத்தை எந்த வருஷம் வைக்கலாம், மனைவி மக்களை எப்போது அழைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்த ஒரு தொகையை வைத்தே முடிவாகிவிடும்.

கழித்தலை யாரும் போடுவதில்லை. போடத் தெரியாமல் அல்ல. போடுவதற்கான விவரத்தை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

வளைகுடாவுக்குப் போகிறவரின் சம்பளத்தில் மிகப் பெரிய பங்கைத் தின்பது வீட்டு வாடகை. தங்குமிடம் பற்றிச் சொல்லாத சம்பளத் தொகை பாதித் தகவல்தான். அதை முழுத் தகவலாக்கும் கடமை வேலை கொடுப்பவருக்கும், ஆள் எடுக்கும் ஏஜென்டுக்கும், அனுப்பிவைக்கும் நம் அரசுகளுக்கும் இருக்கிறது. இப்போதைக்கு அந்தப் பாரம் முழுவதும், விமானத்திலிருந்து இறங்கும் இளைஞரின் தலையில்தான் விழுகிறது.

சாவி கைக்கு வரும் நாள்

துபாயில் வாடகை பேசுவது மாதக் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில். எத்தனை செக்கில் கொடுப்பீர்கள் என்பதே புரோக்கர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று. ஆண்டு முழுமைக்கும் ஒரே செக் என்றால் வாடகையைச் சற்றுக் குறைத்துப் பேசலாம். நான்கு, ஆறு, பன்னிரண்டு என்று செக்குகள் கூடக்கூட வாடகையும் ஏறும். சில வீட்டுக்காரர்கள் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வார்கள். பின்தேதியிட்ட செக்குகள் அத்தனையையும் குடியேறும் முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சமையலும் படுக்கையும் ஒரே அறைக்குள் அடங்கும் ஸ்டுடியோ வீடு, ஆண்டு வாடகை 48,000 திர்ஹம், நான்கு செக். முதல் செக் 12,000. டெபாசிட், வழக்கப்படி ஆண்டு வாடகையில் 5 சதவீதம், அதாவது 2,400. கட்டில், சோபாவோடு கூடிய வீடென்றால் 10 சதவீதம் கேட்பார்கள். புரோக்கர் கமிஷன் இன்னொரு 5 சதவீதம்; அதன்மேல் 5 சதவீத வாட் வரி சேர்த்தால் 2,520. மின்சாரத்தையும் தண்ணீரையும் வழங்கும் ‘தீவா’ ஆணையத்துக்கு அடுக்குமாடி வீட்டுக்கான டெபாசிட் 2,000. வாடகை ஒப்பந்தத்தைப் பதிவுசெய்யும் ‘எஜாரி’ கட்டணமும் தீவா இணைப்புக் கட்டணமும் தனி. அவற்றைச் சேர்க்காமலே 18,920 திர்ஹம் ஆகிவிட்டது. 6,000 சம்பளக்காரருக்கு அது மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல். நம் பணத்தில் நான்கு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய். அந்த வீட்டில் விரிக்க இன்னும் ஒரு பாய்கூட வாங்கியிருக்க மாட்டார்.

குடியேறிய பிறகும் தீவா பில்லோடு வீட்டுக் கட்டணம் என்று ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தை மாதாமாதம் பிரித்து வசூலிப்பார்கள். இந்த வீட்டுக்கு அது மாதம் 200 திர்ஹம். வாடகையின் மாதப் பங்கு 4,000. இரண்டையும் கழித்தால் கையில் நிற்பது 1,800. சாப்பாடு, பஸ், போன், கரண்ட், தண்ணீர் எல்லாம் அதற்குள் முடிந்து, ஊருக்கும் பணம் போக வேண்டும்.

புதிதாக வருகிறவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. செக் கொடுக்க வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்க குடியிருப்பு விசாவும் எமிரேட்ஸ் அடையாள அட்டையும் வேண்டும். அவை வரும்வரை அறையில் ஒண்டிக்கொள்ள இடம் கொடுப்பவர் பெரும்பாலும் ஊர்க்காரரோ உறவினரோதான். கைக்கு செக் புத்தகம் வந்த பிறகு, முதல் தவணையைப் புரட்டக் கடன். சம்பாதிக்கப் போனவரின் முதல் ஆண்டு அந்தக் கடனை அடைப்பதிலேயே போய்விடுகிறது.

செக் திரும்பினால் என்னவாகும் என்ற பயமும் கூடவே இருக்கும். முன்பெல்லாம் கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் போலீஸ் வழக்கு, சிறை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அதைப் பெரும்பாலும் சிவில் விவகாரமாக்கியது. இது பெரிய ஆறுதல்தான். ஆனால் திரும்பிய செக்கைக் கொண்டே நேரடியாக நீதிமன்ற வசூல் நடவடிக்கையைத் தொடங்கலாம். அது நாட்டைவிட்டு வெளியேறத் தடை வரைக்கும் போகலாம்.

சட்டம் சொல்வதும் சந்தை சொல்வதும்

குடும்பத்தை அழைத்துக்கொள்ள அமீரகம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் 4,000 திர்ஹம். அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். மேலே பார்த்த ஸ்டுடியோவின் மாத வாடகையே 4,000. தகுதி உண்டு என்று விதி சொல்கிறது. முடியாது என்று வாடகை சொல்கிறது. குடும்ப விசாவுக்குப் பதிவுசெய்த வாடகை ஒப்பந்தத்தையும் காட்ட வேண்டியிருப்பதால், அறையைப் பகிர்ந்துகொண்டு சமாளிக்கவும் வழியில்லை. கல்யாணமாகிப் பத்து ஆண்டுகள் கடந்த பின்னும் வளைகுடாவில் ‘பேச்சிலர்’ அறையில் இருப்பவர்களில் பலரை அங்கே நிறுத்தியிருப்பது இந்த இடைவெளிதான்.

துபாயில் வாடகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2013-ஆம் ஆண்டின் 43-ஆம் எண் ஆணை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்று படிப்படியாக வரையறுக்கிறது. அந்தப் பகுதியின் சராசரியைவிட நடப்பு வாடகை 10 சதவீதம்வரை குறைவாக இருந்தால் ஏற்றவே கூடாது. 11 முதல் 20 சதவீதம் குறைவென்றால் 5 சதவீதம் ஏற்றலாம். இப்படியே போய், 40 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால் அதிகபட்சம் 20 சதவீதம். ஒப்பந்தத்தில் மாற்றம் செய்வதென்றால் 90 நாள்களுக்கு முன் தெரிவிக்க வேண்டும். விற்கவோ சொந்தக் குடியிருப்புக்கோ வீட்டைக் காலி செய்யச் சொன்னால், நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ 12 மாத அவகாசம் தர வேண்டும். வழக்குக்கென்றே வாடகைத் தகராறு மையம் இருக்கிறது. 2025 ஜனவரியில் கட்டடங்களை நட்சத்திரத் தரவரிசையில் மதிப்பிடும் புதிய வாடகைக் குறியீடும் வந்துவிட்டது.

ஓட்டை எங்கே என்றால், இந்த உச்சவரம்பு ஏற்கெனவே குடியிருப்பவருக்குத்தான். புதிதாக வருகிறவரிடம் சந்தை விலையைக் கேட்கலாம். ஆகவே பழைய குடித்தனக்காரரை அனுப்பிவிட்டுப் புதியவரை வைப்பதில் வீட்டுக்காரருக்கு லாபம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு என்று காலி செய்ய வைத்த வீட்டை இரண்டு ஆண்டுகளுக்கு வாடகைக்கு விடக் கூடாது என்று சட்டம் தடுத்தாலும், அதை மீறியதை நிரூபித்து வழக்காடுவது வெளியேறியவரின் வேலை. வழக்குக்கு ஆண்டு வாடகையில் 3.5 சதவீதம் கட்டணம் செலுத்த வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது வீட்டில் அப்போதுதான் குடியேறிய ஒரு கணக்கர் இதற்குத் துணிவாரா?

2020-இல் ஏறத்தாழ 34 லட்சமாக இருந்த துபாயின் மக்கள்தொகை, ஐந்தே ஆண்டுகளில் 40 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டினர். வீடு தேடி ஆட்கள் வந்துகொண்டே இருக்கும்வரை பேரத்தில் கை ஓங்கியிருப்பது வீட்டுக்காரருக்குத்தான்.

வாடகைக்கு அஞ்சுகிறவர்கள் ஷார்ஜாவுக்குப் போகிறார்கள். அல் நஹ்தா என்ற ஒரே பெயரில் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பகுதி, அந்தப் பக்கம் ஒரு பகுதி. அந்தப் பக்கம் வாடகை குறைவு. குறைந்த வாடகைக்கு ஈடாகக் கொடுப்பது நேரம். காலையில் துபாயை நோக்கியும் மாலையில் ஷார்ஜாவை நோக்கியும் அல் இத்திஹாத் சாலையில் நகரும் கார் வரிசையை அமீரகத்தில் அறியாதவர் இல்லை. 2025 ஜனவரி இறுதியிலிருந்து நெரிசல் நேரத்தில் ‘சாலிக்’ சுங்கம் ஒரு முறைக்கு 4 திர்ஹத்திலிருந்து 6 ஆகியிருக்கிறது. காலையும் மாலையும் ஒரு சுங்க வாயிலைக் கடப்பவருக்கு மாதம் 22 வேலை நாள்களில் 264 திர்ஹம். வாடகையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி இப்படிச் சாலையிலேயே இறங்கிவிடுகிறது.

அதற்கும் வசதியில்லாதவர்களுக்குத்தான் ‘பெட் ஸ்பேஸ்’. தேரா, கராமா, சத்வா போன்ற பழைய பகுதிகளில் ஒரு வீட்டின் ஹாலைப் பலகையாலும் ஜிப்சத்தாலும் தடுத்து, தடுப்புக்கு இரண்டு மூன்று இரும்புக் கட்டில்கள் போட்டு ஆளுக்கொன்றாக வாடகைக்கு விடுவார்கள். 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி அல் ரிக்கா, அல் முரக்கபாத், சத்வா, அல் ரஃபா, அல் பர்ஷா பகுதிகளில் அனுமதியில்லாத தடுப்புகளை அகற்றும் நடவடிக்கையில் இறங்கியது. தீப்பிடித்தால் தப்ப வழியில்லாத இடங்கள் அவை என்பதால் அந்த நடவடிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் தடுப்பை இடித்த அன்று இரவு அந்தத் தொழிலாளி எங்கே படுப்பார் என்ற கேள்வியும் அதே அளவு நியாயமானது. அவருடைய சம்பளத்துக்குள் முறையான வீடு எதுவும் அங்கே இல்லை.

நிறுவனமே தங்குமிடம் தந்துவிட்டால் போதுமா என்றால், அதற்கு குவைத்தின் மங்காஃப் பதில் சொல்லும். 2024 ஜூன் 12 அதிகாலை அங்கே தொழிலாளர் குடியிருப்புக் கட்டடம் ஒன்று எரிந்தது. இறந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். ஏழு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அது நிறுவனம் கொடுத்திருந்த இடம்தான். இடம் இலவசமா என்பதோடு, எத்தனை பேருக்கு, எந்த நிலையில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

மாற்றக்கூடியவை

வாடகை தராமல் நாட்டைவிட்டே கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு, அதனால்தான் பின்தேதி செக் என்று வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். பயம் பொய்யல்ல. ஆனால் அதற்கு மருந்து மூன்று மாதச் சம்பளத்தை ஒரே நாளில் கேட்பதாக இருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் டெபாசிட் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை. அதையும் மூன்று தவணையாகக் கட்டும் உரிமையைச் சட்டம் வாடகைதாரருக்குத் தருகிறது. அங்கே 2015 முதல் புரோக்கரை அமர்த்தியவரே கமிஷன் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், வாடகைதாரரிடம் ஏஜென்ட் கட்டணம் வாங்குவதையே தடுத்து, பெரும்பாலான வீடுகளுக்கு டெபாசிட்டை ஐந்து வார வாடகைக்குள் நிறுத்தியது. அமீரகத்திலும் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஊதியமும் வங்கி வழியாகவே வருகிறது. மாத வாடகையை வழக்கமாக்கத் தேவையான கருவிகள் எல்லாம் அங்கே தயாராக உள்ளன.

அங்குள்ள சட்டத்தை நாம் எழுத முடியாது. இங்கே செய்யக்கூடியவை நிறைய.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி முன் அனுமதி பெற வேண்டும். அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தை அரசு பார்க்கிறது. பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு அந்தச் சோதனை இல்லை. டிப்ளமோ படித்த டெக்னீஷியனும், பி.காம். முடித்த கணக்கரும், ஓட்டலில் கேஷியராகப் போகிறவரும் இந்த இரண்டாம் வகையினர். வாடகைச் சந்தையில் தனியாக மாட்டிக்கொள்கிறவர்களும் பெரும்பாலும் இவர்களே. பதிவுபெற்ற முகவர் வழியாகப் போகும் எல்லோருக்கும், படிப்பு எதுவானாலும், ஒப்பந்தத்தில் நான்கு வரிகள் கட்டாயமாக வேண்டும்: தங்குமிடம் யார் பொறுப்பு, நிறுவனம் தருவதென்றால் ஓர் அறைக்கு எத்தனை பேர், படியாகத் தருவதென்றால் எவ்வளவு, முதல் தவணைக்கு முன்பணம் உண்டா.

படியைப் பற்றிய வரியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வேலை முடிந்து திரும்பும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். வீட்டுப் படி அந்தக் கணக்கில் வராது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, வீட்டுப் படி என்று பிரித்துக் காட்டினால் மொத்தத் தொகை அதேதான். கடைசியில் கைக்கு வருவது குறையும். கையெழுத்துப் போடும் முன் இதை ஒருவர் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு அமைப்புகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளில் இருப்பிடம் பற்றிய குறிப்பு வழக்கமாக இடம்பெறும். தனியார் முகவர்களின் விளம்பரங்களுக்கும் அதே விதியைக் கொண்டுவரலாம். அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, துபாய், ஷார்ஜா, தோஹா, சிங்கப்பூர் போன்ற நகரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாடகைத் தாளைத் தமிழில் தயாரித்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். எந்தப் பகுதியில் என்ன வாடகை, முதல் நாளில் எவ்வளவு பணம் வேண்டும், எந்த ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும், தகராறு என்றால் எங்கே போக வேண்டும் என்பவை ஒரே தாளில் அடங்கும். துபாய் நிலத் துறையின் வாடகைக் குறியீடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருப்பதால், அந்த நகரத்துக்கான தாளுக்குப் பெரிய ஆய்வும் தேவைப்படாது. ஆண்டுதோறும் ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடும் அரசு, அடுத்த ஜனவரி 12-இல் அந்த முதல் தாளை வெளியிடட்டும். பாஸ்போர்ட் சேவை மையங்கள் உள்ள ஊர்களிலெல்லாம் அது இலவசமாகக் கிடைக்கட்டும்.