லினக்ஸில் ஆட்டம், தேடலில் திண்டாட்டம்

லினக்ஸில் கேம் ஆட முடியாது என்று இன்னமும் சொல்பவர்கள் 2018-க்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள். அந்த ஆண்டில்தான், விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட 1993-இல் தொடங்கிய ‘வைன்’ திட்டத்தை அடித்தளமாக வைத்து வால்வ் நிறுவனம் ‘புரோட்டான்’ உருவாக்கி, தன் கேம் கடையான ஸ்டீமுக்குள்ளேயே சேர்த்துவிட்டது. விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டின் டைரக்ட்3டி கிராபிக்ஸ் கட்டளைகளை, ஆட்டம் ஓடும்போதே லினக்ஸுக்குப் புரியும் வல்கனுக்குப் புரோட்டான் மாற்றிக் கொடுக்கிறது. 2022-இல் விற்பனைக்கு வந்த வால்வின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக் முழுக்க இதை நம்பித்தான் வந்தது. தனியாக ஆடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை நிறுவியதும் ஓடுகின்றன. வேலரன்ட் மாதிரி ஆன்லைன் போட்டி ஆட்டங்கள் மட்டும் வேறு கதை. வேலரன்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளுக்கு விண்டோஸின் கெர்னல்தான் வேண்டுமாம். ஆனால் உண்மையான தலைவலி, சிக்கல் வந்தால் இணையத்தில் தீர்வு தேடுவதுதான். ‘கேம் ஓடவில்லை’ என்று பொத்தாம்பொதுவாகத் தேடினால், வழக்கொழிந்த ஏதோ ஓர் உபுண்டுப் பதிப்புக்கான வைத்தியம் முதலில் வந்து நிற்கும். அதிலுள்ள, நிர்வாகி அதிகாரத்துடன் ஓடும் ‘சூடோ’ கட்டளையை அப்படியே ஒட்டினால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கிராபிக்ஸ் டிரைவரும் போய், கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் கண்சிமிட்டும். டெர்மினல் காட்டும் பிழை வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவதே புத்திசாலித்தனம். எந்த கேம் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் அறிக்கை எழுதும் புரோட்டான்டிபி தளத்திலும் ‘பிளாட்டினம்’ பட்டத்தைப் பார்த்து மயங்காமல், அறிக்கையின் தேதியையும் எழுதியவரின் கிராபிக்ஸ் கார்டையும் பார்க்க வேண்டும். இத்தனை இருந்தாலும் முயன்று பார்க்க ஒரு காரணம் உண்டு: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில் ஓடும் உங்கள் பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடுமுன், ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.