நோயாளி பெயர் ஊருக்கு எதற்கு?

நாடி பார்க்கும்போது நோயாளி குரலைத் தாழ்த்திச் சில விஷயங்கள் சொல்வார். அது வைத்தியரோடு நிற்கணும். இ-மெயிலுக்கும் இதே தர்மம்தான்.

லண்டனில் 56 டீன் ஸ்ட்ரீட் என்றொரு சிகிச்சை மையம். 2015 செப்டம்பரில் எச்.ஐ.வி. நோயாளிகள் பலர் உட்பட சுமார் 780 பேருக்கு ஒரே மெயிலில் செய்திமடல் அனுப்பினார்கள். முகவரிகளை 'பி.சி.சி.' கட்டத்தில் போட்டிருந்தால் ஒருவருடையது மற்றவருக்குத் தெரிந்திருக்காது. 'டு' கட்டத்தில் போட்டதால் எல்லாம் அம்பலம்! பெரும்பாலான முகவரிகளில் முழுப்பெயரே இருந்தது. 2016-ல் 1,80,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். பணத்தைக் கட்டிவிடலாம். வெளியே போன பெயரைத் திரும்ப வாங்க முடியுமா?

வாசகர்களே, சர்க்கரை, மூலம், குழந்தையின்மை என்று ஒரே குறை உள்ளவர்கள் சேர்ந்து மெயில் எழுதிக்கொள்வது நல்லதுதான். ஆனால் பலருக்கு அனுப்பும்போது பி.சி.சி.யில் போடுங்க. ஒருத்தர் உங்களை நம்பி எழுதியதை, அவரைக் கேட்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீங்க. மருந்து கேட்ட விதத்தைச் சொல்லுங்க. ஆள் பெயர் வேண்டாம்.

"நல்லெண்ணத்தில்தான் அனுப்பினேன்" என்பது சமாதானமாகாது. ஒருமுறை பெயர் கெட்டுப்போனவர் அடுத்தமுறை வைத்தியரிடம்கூட வாய் திறக்க மாட்டார். மறைத்த நோய்க்கு மருந்து கொடுப்பது எப்படி?