மௌனத்துக்கும் விதி எழுதியவர்கள்

நுட்ப ஆவணங்கள் என்றாலே இலக்கிய வாசகருக்கு ஓர் அலட்சியம் உண்டு. அவை பொறியாளர்கள் பொறியாளர்களுக்காக எழுதிக்கொள்பவை. மொழியழகோ மனித வாடையோ அற்றவை. நமக்கும் அவற்றுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நாங்களும் நெடுங்காலம் இப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது அறிவு வேட்கை அல்ல, ஒரு குற்றவுணர்வு.

2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் மாதாந்திர வாசிப்புக் கூட்டம் இணையவழி ஒலிக்கூட்டமாக மாறியது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான மூத்த நண்பர் ஒருவர் தம் கிராமத்து வீட்டிலிருந்து கைப்பேசியில் இணைவார். தாழ்ந்த குரல், வாக்கியங்களுக்கு நடுவே யோசித்து நிறுத்தும் வழக்கம். அவர் நிறுத்தும்போதெல்லாம் எங்களில் யாரேனும் பேசத் தொடங்கிவிடுவோம். அவர் மீண்டும் தொடங்க, இரு குரல்களும் மோதும். போதாக்குறைக்கு, அவருடைய சொற்களின் கடைசி அசைகள் எங்களை வந்தடைவதே இல்லை. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் அல்லவா நிற்கிறது! ‘இந்த முடிவை ஏற்க’ என்பது வரை கேட்கும். பின்னால் வந்தது ‘முடிகிறது’ என்பதா, ‘முடியவில்லை’ என்பதா என்று தெரியாது. சில மாதங்களில் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். வயதாகிவிட்டது, தொடர்ச்சி விட்டுப்போகிறது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

தொலைத்தொடர்புத் துறையில் பணிபுரியும் நண்பர் ஒருவர் சில ஆவணங்களைப் படிக்கக் கொடுத்த பிறகுதான் பிழை அவருடைய வயதில் இல்லை என்பது விளங்கிற்று.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 என்னும் பரிந்துரை, குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல எடுக்கும் நேரத்தைப் பற்றியது. 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குப் பாதகமில்லை, 400-ஐத் தாண்டலாகாது. இந்த எண்களை மனிதர்களாக மாற்றிப் பாருங்கள். தாமதம் 400 மில்லிவினாடி என்றால், ஒருவர் பேசி முடித்து, மற்றவர் உடனே பதில் சொன்னாலும், அது அவர் காதில் விழ முக்கால் வினாடிக்கு மேல் ஆகிவிடும். நண்பர் ஒரு கணம் நிறுத்துகிறார். நாங்கள் அந்த மௌனத்தைக் கேட்டு, முடித்துவிட்டார் என்று தொடங்குகிறோம். அதற்குள் அவர் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார். அவர் குரல்தான் இன்னும் வழியில் இருக்கிறது. இரு தரப்பிலும் மரியாதைக் குறைவு இல்லை. ஆயினும் இரு தரப்புக்கும் மற்றவர் மரியாதை தெரியாதவராகத் தோன்றுகிறார்.

கடைசி அசைகள் காணாமற்போனதற்கும் காரணம் உண்டு. யாரும் பேசாத நேரத்தில் ஒலியை அனுப்பாமல் விட்டால் அலைவரிசை மிச்சமாகும். ஆகவே எது பேச்சு, எது மௌனம் என்று மென்பொருள் ஓயாமல் தீர்ப்பளித்துக்கொண்டிருக்கிறது. தாழ்ந்து முடியும் குரல் அதன் காதுக்கு மௌனமாகப்படலாம். வேடிக்கை என்னவென்றால், முழு நிசப்தத்தை மனிதர் தாங்குவதில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று பதறி ‘ஹலோ, ஹலோ’ என்கிறார்கள். அதற்காக மெல்லிய இரைச்சல் ஒன்றைச் செயற்கையாக உண்டாக்கிக் கேட்கச் செய்கிறார்கள். அதன் பெயர் ஆறுதல் இரைச்சல். அதை அனுப்பும் முறைக்கென்றே 2002-இல் ஆர்.எஃப்.சி. 3389 என்ற தனி ஆவணம் வெளியாயிற்று. மௌனத்துக்கும் விதி எழுதியவர்களை மனித வாடை அற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது?

எங்களை மிகவும் கவர்ந்தது 2003-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3550. இணையத்தில் குரலைச் சிறு பொதிகளாக நறுக்கி அனுப்பி, மறுமுனையில் வரிசையும் காலமும் பிசகாமல் கோக்கும் முறையைச் சொல்வது, 1996-இன் ஆர்.எஃப்.சி. 1889-இன் திருத்திய வடிவம். அதன் தொடக்கப் பகுதிகள் ஏறக்குறையக் கதைபோலவே செல்கின்றன. ஒரு குழு ஒலிக்கூட்டம் நடத்த விரும்புகிறது. ஒவ்வொருவர் குரலும் 20 மில்லிவினாடித் துண்டுகளாகப் புறப்படுகிறது. பிறகு ஒரு சிக்கல். சிலர் மட்டும் குறுகலான இணைப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்காக எல்லோருடைய ஒலித்தரத்தையும் குறைப்பதா? வேண்டாம் என்கிறது ஆவணம். அவர்கள் அருகே ஒரு மிக்ஸரை வைத்து, வரும் குரல்களை ஒன்றாகக் கலந்து ஒரே ஓடையாக அனுப்பு. (மிக்ஸர் என்றதும் மாலைத் தேநீரோடு வருவது நினைவுக்கு வந்தால் நாங்கள் பொறுப்பல்ல.) ஆனால் கலப்பவர் இன்னார் இன்னார் குரல்கள் இதில் உள்ளன என்ற பட்டியலையும் சேர்த்தே அனுப்ப வழி செய்திருக்கிறது. 15 பேர்வரை குறிக்கலாம். பிறர் குரலை எடுத்தாள்பவர் மூலத்தைச் சொல்ல வேண்டும் என்ற நெறியை, நம் பதிப்புலகம் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கும் அந்த நெறியை, இவர்கள் ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் இடம் ஒதுக்கி எழுதிவிட்டார்கள்.

இதே ஆவணத்தில் ஓர் அப்பாவித்தனமும் இருக்கிறது. ஒலிக்கூட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவரோ இருவரோதான் பேசுவார்கள், ஆகவே ஆட்கள் பெருகினாலும் குரலின் சுமை பெருகாது என்று அது நம்புகிறது. தமிழ் இலக்கியக் கூட்டம் எதற்கும் வந்திராதவர்கள் எழுதியது!

இவற்றைத் தமிழில் சொல்ல முனைந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 1997-இன் ஆர்.எஃப்.சி. 2119 என்னும் குறிப்பு, ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ ஆகிய சொற்களின் பொருளை வரையறுக்கிறது. முதலாவது மீறவே முடியாத கட்டளை. இரண்டாவதைத் தக்க காரணம் இருந்தால், விளைவை எடைபோட்டு மீறலாம். மூன்றாவது அவரவர் விருப்பம். நம் ‘வேண்டும்’ முதல் இரண்டையும் ஒருசேரச் சுமக்கிறது. போதாதென்று ஆசையையும் சுமக்கிறது. கலைச்சொல் பட்டியல்களால் தீரும் பிரச்சினை அல்ல இது. பெயர்ச்சொற்களை ஆக்கித் தருவதில் காட்டிய உழைப்பில் ஒரு பங்கையாவது, விதி சொல்லும் வாக்கியத்தை எப்படி அமைப்பது என்பதில் நாம் காட்டியிருக்கிறோமா? தொல்காப்பியத்தை உடைய மொழிக்கு இது எட்டாத காரியமும் அல்ல.

‘எல்லோரும் இவற்றையெல்லாம் படிக்க முடியுமா?’ என்று கேட்கலாம். முழுவதும் படிக்கச் சொல்லவில்லை. கணக்கும் பிட் வரிசையும் நிறைந்த பக்கங்களை நாங்களும் தாண்டித்தான் சென்றோம். ஆனால் யார் குரல் கேட்கும், யாருடைய தயக்கம் மௌனமாகக் கணக்கில் கொள்ளப்படும் என்பதை இப்போது இந்தப் பக்கங்கள் தீர்மானிக்கின்றன. உரையாடலின் இலக்கணமே அங்கே எழுதப்படும்போது, இலக்கணத்தில் அக்கறையுள்ளவர்கள் விலகி நிற்பது சரியல்ல. ஆர்.எஃப்.சி. என்பதன் விரிவே ‘கருத்துகளுக்கான வேண்டுகோள்’ என்பதுதான். சிற்றிதழ்கள் ஆண்டுக்கு ஒரு நுட்ப ஆவணத்தையாவது உரைநடை நூலாகப் பாவித்து மதிப்புரை வெளியிடலாம் என்பது எங்கள் கோரிக்கை.

மூத்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, படித்ததை விளக்கி, மன்னிப்புக் கேட்டோம். ‘நான் சொல்வதில் சாரமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்’ என்றார். இப்போது எங்கள் கூட்டத்தில் ஒரு விதி உண்டு: ஒருவர் நிறுத்தினால், மனத்துக்குள் மூன்று எண்ணிய பிறகே அடுத்தவர் வாய் திறக்க வேண்டும். இந்த ‘வேண்டும்’ முதல் வகை.