விபத்து என்னும் சொல்லின் மறைவில்

சில சொற்கள் உண்மையை உரைப்பதற்காக அன்று, அதை மூடுவதற்காகவே வழங்குகின்றன. அமெரிக்கக் குதிரைப் பந்தயத் திடல்களில் அத்தகைய சொல் ஒன்று உண்டு. ஓடும் குதிரையின் கால் முறிந்து அது விழுந்துவிட்டால் அதனைப் 'பிரேக்டவுன்' என்பார்கள். நடுவழியில் நின்றுபோன பேருந்துக்கு நாம் சொல்லும் அதே சொல்! உயிருள்ள ஒன்றைப் பழுதான எந்திரமாக்கிவிடும் அச்சொல்லைத் தொடர்ந்து இன்னொரு சொல்லும் வந்துசேரும்: 'விபத்து'. இவ்விரண்டும் சொல்லி முடிந்ததும், அடுத்த பந்தயத்துக்கான மணி ஒலிக்கிறது. இந்த இரண்டாம் சொல்லைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது.

கால் முறிந்தால் கட்டுப்போட்டுக் குணமாக்கக் கூடாதா என்று வாசகர் வினவலாம். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள அவ்விலங்கு வாரக்கணக்கில் படுத்திருக்க இயலாது. நின்றாலோ, முறிந்த கால் தாங்காத எடையை மற்றக் கால்கள் சுமக்க வேண்டும். அதனால் குளம்பினுள் அழற்சி கண்டு, குளம்பே எலும்பினின்று கழன்றுவரும். 2006ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியில் வென்ற பார்பரோ என்னும் குதிரைக்கு இரண்டே வாரங்களில், அடுத்த பெரும் பந்தயத்தில், பின்னங்கால் முறிந்தது. எட்டு மாதங்கள் உயர்தர மருத்துவம் அளித்தும், அந்தக் குளம்பு நோய் முற்றியதால் 2007 ஜனவரியில் அதனைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. புகழ்பெற்ற குதிரைக்கே இக்கதி என்றால், பெயர் தெரியாத குதிரைகளைப் பற்றிக் கூற வேண்டுமா? அவற்றுக்குத் திடலிலேயே, ஒரு திரையின் மறைவில், ஊசி போட்டுக் கதை முடிக்கப்படுகிறது.

இனி, முறிவு ஏன் நேர்கிறது? எலும்பு கல் அன்று. அது உயிருள்ள திசு. முழு வேகப் பாய்ச்சலில் ஒரு முன்னங்காலின் மீது குதிரையின் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான பளு இறங்குகிறது. அப்பளு எலும்பில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்குகிறது. சேதமுற்ற பகுதியை உடல் முதலில் அரித்து நீக்குகிறது. பின்னரே புதிய எலும்பால் அவ்விடத்தை நிரப்புகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் எலும்பு வலுவிழந்து நிற்கிறது. அவ்வேளையில் தேவைப்படுவது ஓய்வு. ஆனால் பந்தய அட்டவணை காத்திருப்பதில்லை. குளம்புக்குச் சற்று மேலுள்ள கணு மூட்டின் பின்புறம் 'செசமாய்டு' எனப்படும் இரு சிற்றெலும்புகள் உள்ளன. பல குதிரைகளின் உயிர் பிரிவது அங்கிருந்துதான்.

கலிபோர்னியா மாநிலத்தில் 1990 முதல், பந்தயத் திடல்களில் இறக்கும் குதிரைகள் யாவும் உடற்கூறாய்வுக்கு அனுப்பப்படுகின்றன. அந்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லி வந்துள்ளன: உயிரைப் பறித்த முறிவுகளுள் மிகப் பெரும்பாலானவை, ஏற்கெனவே பழுதுபட்டிருந்த எலும்பிலேயே நேர்ந்துள்ளன. முறிவு ஒரு நொடிக்குரியது. அதன் முன்வரலாறோ பல வாரங்களுக்குரியது. வாரக்கணக்கில் வளர்ந்த ஒன்றை 'விபத்து' என்பது எவ்வகை நேர்மை?

வளர்ந்ததை ஏன் எவரும் காணவில்லை? பல வேளைகளில், காணவிடாமல் செய்யப்பட்டதே காரணம். வலி என்பது உடலின் எச்சரிக்கை மணி. மூட்டினுள் செலுத்தப்படும் ஸ்டீராய்டு ஊசி அம்மணியின் நாவை அடக்கிவிடுகிறது. நியூயார்க்கின் அக்வடக்ட் திடலில் 2011 நவம்பர் இறுதியிலிருந்து 2012 மார்ச் வரை 21 குதிரைகள் மடிந்தன. மாநில ஆளுநரின் ஆணைப்படி அமைந்த குழு விசாரித்தது. அவற்றுள் பாதிக்கு மேற்பட்ட மரணங்களைத் தடுத்திருக்க வாய்ப்பிருந்தது என்று அக்குழு கண்டது. பந்தயத்துக்குச் சில நாள்களே இருக்கையில் மூட்டுகளில் ஊசி போடும் வழக்கத்தையும் அது சுட்டிக்காட்டியது.

அதைவிட வெட்கத்துக்குரிய செய்தி வேறொன்று. அத்திடலை ஒட்டி 2011இல் சூதாட்டக் கூடம் ஒன்று திறக்கப்பட்டிருந்தது. அதன் வருவாயில் ஒரு பங்கு பரிசுத் தொகையாகப் பந்தயங்களுக்குள் பாய்ந்தது. குதிரையின் விலையைவிடப் பரிசின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. நோயுற்ற குதிரையை ஓய்வுக்கு அனுப்புவதைவிட, ஓடவிட்டுப் பார்ப்பதே இலாபம் என்ற கணக்கு பிறந்தது. குறித்த விலைக்கு எவரும் குதிரையை வாங்கிக்கொள்ளலாம் என்னும் வகைப் பந்தயங்களில், மாதத்துக்கு மாதம் உரிமையாளர் மாறுவார். பழைய ஊசிகளின் விவரம் அன்று புதியவருக்குப் பெரும்பாலும் தெரியாமல் இருந்தது. கைமாறிக்கொண்டே இருக்கும் உயிருக்குக் காவலர் எவருமில்லை!

அடுத்து, ஓடுதளம். லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள சான்டா அனீட்டாவில் 2018 டிசம்பர் 26 முதல் 2019 ஜூன் இறுதிக்குள் 30 குதிரைகள் உயிரிழந்தன. அவ்வாண்டு வழக்கத்துக்கு மாறான மழை. நீர் உள்ளே இறங்காதபடி மண்தளத்தை அழுத்தி இறுக்குவதும், பின்பு கிளறித் தளர்த்துவதுமாக இருந்தனர். மழை ஒரு காரணமே, ஐயமில்லை. ஆயினும் மழையில் ஓடவேண்டும் என்று முடிவெடுத்தது மேகம் அன்று. மேலும் ஒரு செய்தி. அதே திடலில் 2007 முதல் 2010 வரை செயற்கைத் தளம் இருந்தது. பயிற்சியாளர் பலருக்கு அது பிடிக்கவில்லை. வடிகால் குறைகளும் இருந்தன. எனவே குறையைத் தீர்ப்பதற்குப் பதிலாகத் தளத்தையே அகற்றி மண்ணுக்குத் திரும்பினர். செயற்கைத் தளங்களில் மண்தளத்தைவிட மரண விகிதம் குறைவு என்பதை 2009 முதல் தொகுக்கப்படும் அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன.

2023இல் கென்டக்கியின் சர்ச்சில் டவுன்ஸில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் 12 குதிரைகள் இறந்தன. விசாரணை முடிவில், அனைத்தையும் விளக்கக்கூடிய ஒரே காரணம் எதுவுமில்லை என்று அறிவிக்கப்பட்டது. அறிக்கை உண்மையையே சொன்னது. ஆனால் அவ்வுண்மையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டவர்கள் அதைத் தவறாகப் படித்தார்கள். 'ஒரே காரணம் இல்லை' என்பது 'காரணமே இல்லை' என்றாகிவிடுமா? உடனடிக் காரணம் வேறு, தொலைக் காரணம் வேறு என்பது தருக்கத்தின் அரிச்சுவடி. பயிற்சியின் மிகை, ஓய்வின் குறை, மறைக்கப்பட்ட வலி, தளத்தின் நிலை, பரிசின் ஆசை ஆகியவை ஒரே கயிற்றின் புரிகள். பொறுப்பு பலருக்குப் பங்கிடப்படலாம். பங்கிடப்பட்டதால் அது கரைந்துபோவதில்லை. ஐவர் சேர்ந்து சுமந்த பாரத்தை 'நான் சுமக்கவில்லை' என்று ஐவருமே சொல்வது எப்படி?

என் கூற்றுக்கு மிக வலுவான சான்று, பந்தயத்தார் தாமே வெளியிடும் எண்கள். 2009இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2.00 குதிரைகள் மாண்டன. 2023இல் அது 1.32 ஆயிற்று. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தேசியப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்ட திடல்களில், 2024ஆம் ஆண்டு 0.90 ஆகக் குறைந்தது. மருந்துக் கட்டுப்பாடு, பந்தயத்துக்கு முன் மருத்துவச் சோதனை, எலும்பின் நலிவைக் காட்டும் நவீனப் படக்கருவிகள் ஆகியவை வந்தபின் கண்ட பலன் இது. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இதன் மறுபக்கத்தையும் படியுங்கள். விதியால் நேர்ந்தவை என்றால் விதிமுறைகளால் எப்படிக் குறைந்தன? இன்று தடுக்க முடிந்தவற்றை நேற்றும் தடுத்திருக்கலாம் அல்லவா? இன்னொன்றும் உண்டு. இது ஓட்டங்களின் கணக்கே அன்றிக் குதிரைகளின் கணக்கு அன்று. ஒரு குதிரை ஆண்டுக்குப் பலமுறை ஓடுகிறது. காலைப் பயிற்சியில் மடிபவை இந்த எண்ணில் சேர்வதே இல்லை.

'குதிரைக்கு ஓடுவது இயல்பு. அது ஓட விரும்புகிறது' என்பார்கள். உண்மைதான். இளமையிலேயே அளவோடு ஓடிப் பழகிய எலும்பு வலுப்பெறுகிறது என்பதையும் அறிவியல் ஒப்புகிறது. ஆனால் விரும்பி ஓடும் குதிரை, வலித்தால் நிற்கவும் விரும்பும். அந்த இரண்டாவது விருப்பத்தை ஊசியால் பறித்துவிட்டு, முதல் விருப்பத்தைச் சாட்சிக்கு அழைப்பது எவ்வகை நியாயம்? 'ஆயிரக்கணக்கானோர் இத்தொழிலால் பிழைக்கிறார்கள்' என்பதும் மெய்யே. குதிரை விழும்போது அதனடியில் சிக்குபவனும் அப்படிப் பிழைக்க வந்த ஜாக்கிதான் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்லட்டும்.

ஆகவே கேட்க வேண்டியவை எளியவை. குதிரையோடு அதன் மருத்துவ ஏடும் கைமாற வேண்டும். ஊசி போட்ட குதிரைக்கு உரிய நாள்கள் ஓய்வு வேண்டும். அதன் விலையை மிஞ்சிய பரிசுக்கு எல்லை வேண்டும். தளம் ஐயத்துக்குரியதானால் அன்றைய பந்தயத்தை நிறுத்தும் துணிவு வேண்டும். இவற்றுள் எதுவும் இயலாதது அன்று. இலாபத்தில் சிறிது குறையும், அவ்வளவே. இவற்றையெல்லாம் செய்து முடித்த பின்னும் ஒரு குதிரை விழுமானால், அன்று அதனை விபத்து என்று அழைப்போம். அதுவரை அச்சொல்லுக்கு அத்திடல்களில் இடமில்லை.