கமெராக்காரனுக்கு அரசியல் இல்லையா?

நெடுந்தீவில் சினிமாப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லி முடிப்பார்: "ஆட்சி மாறினால் என்ன, கமெராக்காரனுக்குத் தொழில் இருக்கு. முன்னால நிக்கிறதை எடுக்கிறவனுக்கு என்ன அரசியல்?" கேட்கும்போதெல்லாம் ஜோசப் விர்ஷிங்கின் வாழ்க்கைதான் என் மனதில் எழும்.

தொழில் தெரிந்தவனை எந்த ஆட்சியும் கைவிடாது என்பது முதல் வாதம். 1903இல் மியூனிக்கில் பிறந்த விர்ஷிங், 1925இல் புத்தர் கதையைப் படமாக்க வந்த குழுவோடு இந்தியாவுக்கு வந்தவர். 1934இல் ஹிமான்ஷு ராயும் தேவிகா ராணியும் பம்பாய் டாக்கீஸைத் தொடங்கியபோது அவரே அதன் ஒளிப்பதிவாளரானார். 1939இல் போர் மூண்டது. பிரித்தானிய அரசு அவரை எதிரி நாட்டவரென்று முகாமில் அடைத்தது. அவர் எடுத்த படங்கள் எவருக்கும் பெரிதாகத் தெரியவில்லை, கடவுச்சீட்டுத்தான் தெரிந்தது. பம்பாய் டாக்கீஸின் ஜேர்மானிய இயக்குநர் ஃபிரான்ஸ் ஓஸ்டன் 1936இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். வயது முதிர்ந்தவரென்று அவரை ஜேர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பத்தாறு வயது விர்ஷிங் போர் முடியும்வரை உள்ளே கிடந்தார்.

இது நமக்குப் புரியாததல்ல. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் வெட்டுண்ட தமிழர்களில் கைக்குழந்தையும் இருந்தது. சிறை வேறு, கொலை வேறு. இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் ஆளைப் பாராமல் இனத்தைப் பார்க்கும் கண் ஒன்றுதான்.

முன்னால் நிற்பதைத்தானே எடுக்கிறான் என்பது அடுத்த வாதம். 1936இல் விர்ஷிங்கின் ஒளிப்பதிவில் வந்த 'அச்சுத் கன்யா'வில், பிராமணப் பையனை விரும்பும் தீண்டாமைக்குள்ளான பெண்ணாகத் தேவிகா ராணி நடித்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் ஜேர்மனி, யூதரும் ஜேர்மானியரும் மணம் முடிப்பதை நியூரம்பேர்க் சட்டங்களால் தடைசெய்திருந்தது. விர்ஷிங் என்ன நினைத்தார் என்று நான் சொல்லப்போவதில்லை. திரையைப் பாருங்கள்: ஊர் ஒதுக்கிய பெண்ணின் முகத்துக்கு ஓர் அரசகுமாரிக்குரிய வெளிச்சம் கொடுத்திருக்கிறார். வெளிச்சம் தானாக வந்து விழுவதில்லை. எங்கே விழவேண்டும் என்று ஒருவர் முடிவெடுக்கிறார்.

விடுதலையானதும் பழைய இடத்தில் போய் ஒட்டிக்கொண்டார் என்பார்கள். பழைய இடம் எங்கே இருந்தது? ராய் 1940இல் இறந்துவிட்டார். தேவிகா ராணி சினிமாவை விட்டே விலகிவிட்டார். 1943இல் பம்பாய் டாக்கீஸின் 'கிஸ்மத்' படத்தை ஒளிப்பதிவு செய்து வெற்றி கண்டவர் ஆர். டி. பரீன்ஜா. சுதந்திர இந்தியாவில் விர்ஷிங் மறுபடி தொடங்கவேண்டியிருந்தது. 1949இல் 'மஹல்' எடுத்தார். கறுப்பு வெள்ளையில் தொடங்கி வண்ணத்துக்கும் அகலத்திரைக்கும் மாறிய 'பாக்கீஸா'வின் நடுவில், 1967இல், பம்பாயிலேயே இறந்தார். படம் 1972இல்தான் திரைக்கு வந்தது.