அக்கரைக்கு ஒரு வெட்டுப்புள்ளி

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் விண்ணப்பம் கோரிவிட்டது. வருஷா வருஷம் இந்த நேரத்தில் வரும் கேள்விகள் இந்த முறையும் வந்திருக்கின்றன. எதை முதலாவதாகப் போடுவது, எத்தனை போடுவது, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டவர்களில் பாதிப்பேர் தோட்டங்களிலிருந்து எழுதுகிறவர்கள். தகப்பன் பெயரைப் பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதி வைத்ததன் வினை, பதினெட்டு வருஷம் கழித்துப் பிள்ளையின் தலையில் வந்து விடிகிறது.

அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்ததுதான் ஒரு தெரிவு. ஒவ்வொரு சோடிக்கும் தனிக் குறியீடு உண்டு. அவற்றை உங்கள் விருப்பப்படி வரிசைப்படுத்துங்கள். போன வருஷ வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து, ஆசைப்பட்டதைக் கீழே தள்ளாதீர்கள். தெரிவு செய்கிறவர்கள் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, உங்கள் புள்ளி எட்டும் முதல் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மேலே போட்டதற்காக யாரும் புள்ளி குறைப்பதில்லை. கைந்நூல் தமிழிலும் இருக்கிறது. அண்ணன் சொன்னான், டியூசன் சேர் சொன்னார் என்று போகாமல் அதை வாசியுங்கள்.

மீதியை இந்த வாரம் எழுத மனம் வரவில்லை. ஹெட்டிபொலைக்குப் போய்வந்ததிலிருந்து எனக்குக் கோபமாக இருக்கிறது. குருநாகல் ஹெட்டிபொல அல்ல. நம் மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்தில், வில்கமுவப் பிரதேசத்தில் இருக்கும் ஹெட்டிபொல.

நண்பர் வீட்டுத் தானத்துக்குப் போயிருந்தேன். தேசிய அடையாள அட்டையைப் போட்டோப் பிரதி எடுக்கப் பஸ் நிறுத்தத்தருகே ஒரு கொமியுனிகேசனுக்குள் நுழைந்தால், அங்கே கணினிக்கு முன்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். கடைக்காரத் தம்பி விசைப்பலகையில் இருக்க, அவள் மடியில் ஒற்றை றூல் கொப்பி ஒன்று விரித்துக் கிடந்தது. அதில் பென்சிலால் அட்டவணை போட்டிருந்தாள். இடது பக்கத்தில் பாடநெறிகள். அதற்குப் பக்கத்தில் மூன்று நிரல்: மாத்தளை, பதுளை, அம்பாறை. ஒவ்வொரு கட்டத்திலும் போன வருஷ வெட்டுப்புள்ளி, தசமத்துக்குப் பிறகு நாலு இலக்கம் வரைக்கும். பதுளை நிரலிலும் அம்பாறை நிரலிலும் சில எண்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். மாத்தளை நிரலில் வட்டங்கள் குறைவு.

"மாத்தளைப் பிள்ளைதானே, எதற்கு மற்ற இரண்டு மாவட்டமும்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"சும்மா பார்த்தேன் சேர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தால் எது எது கிடைக்கும் என்று."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தகப்பனார் வாசலில் நின்றார். இரவெல்லாம் வயலில் யானைக் காவல் இருந்துவிட்டு வந்த கண்கள். மகளின் உயிரியல் பாடத்துக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியுமுன் ஹசலக்க வழியாகப் பதினெட்டு வளைவும் ஏறிக் கண்டிக்குக் கூட்டிப்போய் வந்தவர்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பதினாறு மாவட்டக் கணக்கு நான் அடிக்கடி சொல்வதுதான். புதிதாக வருகிறவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைப்படி. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நாட்டில் மாவட்டங்கள் 25. அந்தப் பதினாறில் சேராத ஒன்பது: கொழும்பு, கம்பஹா, களுத்துறை, கண்டி, மாத்தளை, காலி, மாத்தறை, குருநாகல், கேகாலை. பதுளை உள்ளே. அம்பாறை உள்ளே. பொலன்னறுவை உள்ளே. மாத்தளை வெளியே.

இப்போது வரைபடத்தை எடுத்து வில்கமுவவைப் பாருங்கள். கிழக்கே மகாவலி. ஆற்றைத் தாண்டினால் கிராந்துருக்கோட்டை, பதுளை மாவட்டம். இன்னும் கொஞ்சம் தள்ளித் தெஹியத்தகண்டிய, அம்பாறை மாவட்டம். வடக்கே 1984இல் தேசிய வனமாக்கப்பட்ட வஸ்கமுவ, அதற்கப்பால் பொலன்னறுவை. இரண்டு கரையிலும் அதே நெல், அதே மகாவலித் தண்ணீர், அதே யானை. ஆனால் தன் மாவட்டத் தலைநகரான மாத்தளைக்கு வர வில்கமுவக்காரர் நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடக்க வேண்டும்: லக்கலை, இலுக்கும்புர, றிவர்ஸ்டன் கணவாய், ரத்தோட்டை. இந்த மலைக்கு அந்தப்பக்கத்துப் பிள்ளை, மாத்தளை நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையோடு ஒரே தராசில் நிறுக்கப்படுகிறாள். கல்வி அமைச்சுக்கு வில்கமுவ தனி வலயம். மாத்தளை மாவட்டத்தில் நாலு கல்வி வலயங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று அது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அந்த வலயத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை. அங்கே மாவட்டம் மட்டும்தான் பேசும்.

சிங்களப் பிள்ளைக்காகத் தமிழ்ப் பத்தியில் இவ்வளவு ஏன் என்று ஓரிருவர் கேட்கக்கூடும். ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைத் தோட்டங்களில் இருக்கும் நம் பிள்ளைக்கும் இதே கதைதான் என்பது ஒரு பதில். நுவரெலியா மாவட்டத்து லயத்தில் பிறந்து அங்கேயே படித்தால் அவளுக்கு அந்த ஐந்து வீதத்தில் பங்குண்டு. மாத்தளை மாவட்டத்து லயத்தில் பிறந்தால் இல்லை. கண்டி, கேகாலைத் தோட்டங்களிலும் இல்லை. மலையகத் தமிழர் என்று பேசும்போது நுவரெலியாவோடு நிறுத்திக்கொள்ளும் நம்முடைய தலைவர்களும் இதைப் பெரிதாக எடுத்ததில்லை.

இன்னொரு பதில் பழையது. இந்தக் கட்டங்களின் வலி நமக்குத்தான் முதலில் தெரியும். 1971 அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு. யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறையின் கனவு உடைந்த இடம் அது. அந்த ஆத்திரம் எங்கே போய் முடிந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே மாவட்ட ஒதுக்கீட்டால்தான் மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பிள்ளைகள் மருத்துவபீடத்துக்கும் பொறியியல்பீடத்துக்கும் கூடுதலாகப் போனார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நான் சொல்லி வருகிறேன், அதற்காக இரு பக்கத்திலிருந்தும் ஏச்சுக் கடிதம் வருகிறது. இன்றைக்கு யாழ்ப்பாணமே அந்தப் பதினாறில் ஒன்று. போர் அதை அங்கே கொண்டுபோய் வைத்தது. ஆக மாவட்டம் என்பது கல்லில் வெட்டிய அளவுகோல் அல்ல. காலம் மாறினால் மாற்றலாம், மாற்றியும் இருக்கிறார்கள். 2001இல் இசட் புள்ளி வந்தபோது மூலப் புள்ளியைக் கூட்டும் முறையையே தூக்கி எறிந்தார்கள். 2011 பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தையும் புதியதையும் கலந்து இசட் புள்ளி போட்டதை அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. திரும்பக் கணக்குப் பார்த்தார்கள். கணக்கைத் திருத்த முடிகிறவர்களுக்கு வரைபடத்தைத் திருத்த முடியாதா?

ஆனால் அந்தப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்த பிறகு, வெட்டுப்புள்ளி மட்டும் என்னை உறுத்தவில்லை. அவளோடு பேசிக்கொண்டிருந்ததில் தெரிந்தது, சாதாரண தரத்தில் அவளோடு கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி எடுத்த சிநேகிதிகள் பலர் கலைப்பிரிவுக்குப் போய்விட்டார்கள். விருப்பப்பட்டா? "கிட்ட உள்ள ஸ்கூலில் அதுதான் இருந்தது சேர்." அவர்கள் விண்ணப்பம் நிரப்பியது இந்த வாரமல்ல. பதினாறு வயதில், வீட்டுக்குக் கிட்ட எந்த வகைப் பாடசாலை இருக்கிறது என்பதிலேயே அது நிரம்பிவிட்டது.

நம் நாட்டில் அரசுப் பாடசாலைகள் 10,000க்கு மேல். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவற்றை 1ஏபி என்பார்கள். அவை பத்தில் ஒன்று அளவுதான். உயர்தரம் இருந்தும் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி. பெரும்பாலான பாடசாலைகளில் உயர்தரமே இல்லை. 1ஏபி என்று பலகை தொங்கினாலும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வுகூடத்தில் தண்ணீர் வருகிறதா என்பது வேறு விஷயம். இந்த 1ஏபி, 1சி வேறுபாட்டைப் பற்றிப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பார் யாருமில்லை. மகள் எட்டாம் தரம் படிக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது.

இந்த இடத்தில் கன்னங்கரா அறிக்கையை இழுக்காமல் என்னால் இருக்க முடியாது. 1943இல் வெளியான கல்விக்கான விசேட குழுவின் அறிக்கை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமை. இலவசக் கல்வி என்ற ஒரே சொல்லில் அதைச் சுருக்கி, பரிசளிப்பு விழாக்களில் மாலை போட்டு முடித்துவிடுகிறோம். எனக்கு அந்த மனிதர் முக்கியமாவது மத்திய கல்லூரிகளால். பணக்காரப் பிள்ளைக்குக் கொழும்பில் கிடைத்த பாடசாலையைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார். ஆய்வுகூடம், நூலகம், விளையாட்டு மைதானம், அதோடு விடுதி. அப்படி 54 கல்லூரிகள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை அதற்காகத்தான் பிறந்தது: கெட்டிக்காரக் கிராமத்துப் பிள்ளை தூரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் விடுதியில் தங்கிப் படிக்கட்டும் என்று. பரீட்சை முடிந்தபின் புள்ளியை ஏற்றி இறக்கிச் சமன்செய்வதற்கு முன்னால், படிக்கும்போதே சமன்செய்யப் பார்த்தார்.

அதே புலமைப்பரிசில் இன்றைக்கு என்ன செய்கிறது? வில்கமுவவின் முதல் பிள்ளைகளைப் பொறுக்கிக் கண்டிக்கும் மாத்தளை நகரத்துக்கும் அனுப்புகிறது. அங்கே விடுதி கிடைக்காத பிள்ளைக்கு அறை வாடகை, இல்லாவிட்டால் மாமா வீட்டு மூலை. கண்டியில் படித்துப் பரீட்சை எழுதினால் விண்ணப்பத்தில் அவள் கண்டி மாவட்டத்துக்காரி. அங்கே போட்டி இன்னும் கடுமை. ஊரில் மிஞ்சிய பாடசாலைக்குப் பிள்ளை குறைய, பிள்ளை குறைந்ததைக் காட்டி ஆசிரியரையும் இடம் மாற்றுகிறார்கள்.

தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த அறிக்கையின் நன்மை முழுசாக வந்து சேரவேயில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டப் பாடசாலைகள் துரைமார் கையிலிருந்து அரசின் கைக்கு மாறத் தொடங்கியதே 1970களில்தான். முப்பது வருஷம் பிந்தி வண்டி ஏறியவர்களை, முதலே ஏறி உட்கார்ந்தவர்களோடு ஒரே மாவட்டத்தில் போட்டிக்கு விட்டார்கள். எல்கடுவத் தோட்டத்துப் பிள்ளையும் வில்கமுவ வயற்காரர் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பேசும் மொழியும் வேறு. ஆனால் இருவரையும் வெளியே நிறுத்தியிருக்கும் கோடு ஒன்றுதான்.

ஐந்து வீதத்தை மாவட்டத்துக்குக் கொடுக்காமல் கல்வி வலயத்துக்குக் கொடுங்கள் என்பது நான் பல வருஷமாகக் கேட்பது. இந்த முறை அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். ஒவ்வொரு பின்தங்கிய வலயத்திலும் விடுதியோடு ஒரு 1ஏபி பாடசாலை. பெண்பிள்ளைகளுக்குத் தனி விடுதி, பௌதிகம், இரசாயனம், உயிரியல், இணைந்த கணிதம் நாலுக்கும் ஆசிரியர் குறைந்தது ஐந்து வருஷம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, அவர்களுக்கு வீடு. வஸ்கமுவ ஓரத்தில் வீடில்லாமல் எந்த ஆசிரியர் நிற்பார்?

அந்தப் பிள்ளை முதல் தெரிவாகப் போட்டது பேராதனையில் தாதியியல். தகப்பன் திரையைக் குனிந்து பார்த்து, அது டொக்டருக்குக் கீழேதானே என்று கேட்டார். "அப்பா, எனக்கு இதுதான் வேணும்" என்றாள். கடைக்காரத் தம்பி மறு பேச்சில்லாமல் அதையே அடித்தான்.

அடுத்த வாரம் விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளுக்கு வருகிறேன். பெயர் மாறியிருப்போர் எந்தச் சத்தியக் கடதாசியை எங்கே எடுப்பது என்பதையும் எழுதுகிறேன். அதற்கிடையில் மாத்தளை, கண்டி, கேகாலை மாவட்ட வாசகர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பாடசாலை எந்த வகை, உயர்தர விஞ்ஞானம் இருக்கிறதா, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு காலமாக ஆசிரியர் இல்லை என்று ஒரு தபாலட்டையில் எழுதிப் போடுங்கள். பாடசாலைப் பெயரோடு அனுப்பினால் விசாரித்துப் பார்த்து, வலயம் வலயமாக இதே இடத்தில் அச்சிடுவேன். வில்கமுவவிலிருந்து தொடங்குகிறேன்.