சாவுக்குச் சங்கம் உண்டு, நோய்க்கு எங்கே?

எமது ஊர்களில் மரண உதவிச் சங்கம் இல்லாத குறிச்சி அரிது. இடம்பெயர்ந்து வந்து குடியமர்ந்த இடங்களிலும் நாம் முதலில் தொடங்கியவற்றுள் அதுவும் ஒன்று. ஒருவர் கண்ணை மூடினால் பந்தலுக்கும் கதிரைக்கும் பெட்டிக்கும் ஒழுங்கு உண்டு. நல்லதுதான். ஆனால் அதே மனிதர் பரிசோதனைக்கு எட்டாயிரம் ரூபா இல்லாமல் அலைந்த நாளில் எந்தச் சங்கம் கூடியது?

எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆயினும் இரத்தப் பரிசோதனையையோ ஸ்கானையோ வெளியில் செய்து வரும்படி துண்டு எழுதித் தரும்போது செலவு தொடங்குகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துகளையே வெளியில் வாங்க நேர்ந்ததை எவரும் மறக்கவில்லை.

இந்தச் சிறு தொகை கமக்காரனை ஏன் சாய்க்கிறது? அவனுக்குக் காசு வருவது அறுவடையில். நோய் வருவதோ எந்நாளிலும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு இன்னும் காணி திரும்பவில்லை. உறுதி கையில் இருந்தாலும் நிலம் கையில் இல்லை. குத்தகைத் தறையில் வெங்காயம் வைப்பவனுக்கு வங்கிக் கதவு இலேசில் திறப்பதில்லை. ஆகவே வட்டிக்காரரிடமோ, கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வரும் கடன் கம்பனியிடமோ போகிறான்.

மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக்கொள்வோம். எட்டாயிரத்துக்கு மாத வட்டி எண்ணூறு. பத்து மாதத்தில் எட்டாயிரம் கட்டியாயிற்று. முதல் அப்படியே நிற்கிறது. அதை அடைக்க இன்னொரு கடன். இதைவிடக் கொடியது வெட்கம். வசூலிக்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்துகிறோம். கட்டுக்காசுக்காக அடுத்த கிளினிக்கைத் தவறவிடுகிறோம். நோய்க்காக வாங்கிய கடனே மருந்தை நிறுத்திவிடுகிறது.

வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசாங்கம் தீர்மானித்தது. அத்தகைய ஆறுதல் ஒவ்வொரு போகத்துக்கும் வராது. நாமே செய்யக்கூடியவை சில உண்டு.

தனியார் மருத்துவமனையில் விபரமான பில் கேளுங்கள். எதற்கு எவ்வளவு என்று தெரியாமல் கடன்படாதீர்கள். கட்ட இயலாவிட்டால், வட்டிக்கு வாங்குமுன் அங்கேயே தவணை கேட்டு எழுத்தில் பெறுங்கள். ஏற்கனவே கடன்பட்டிருந்தால் பற்றுச்சீட்டில்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஈடு வைக்காத கடனுக்காக, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டுப் பொருளைத் தூக்கிச் செல்ல வசூலிப்பவருக்கு உரிமை இல்லை. பிணக்கு முற்றினால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே தீர்ப்புத் திணிக்கப்படுவதில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொள்வதே முடிவு. ஆகவே அறுவடைக் காலத்தைச் சொல்லித் தவணை கேளுங்கள். கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டிக் கையொப்பமிடாதீர்கள்.

ஆனால் இவையெல்லாம் கடன் வந்த பிறகு செய்பவை. கடன் வராமல் தடுக்க ஊரின் கை வேண்டும். மரண உதவிச் சங்கத்தோடு ஒரு நோய் உதவி நிதியையும் சேர்ப்போம் என்பதே எமது கருத்து.

"நாங்களே இடம்பெயர்ந்தவர்கள், எங்களிடம் ஏது காசு?" என்று கேட்பீர்கள். நாற்பது குடும்பம் மாதம் நூறு ரூபா போட்டால் ஆண்டுக்கு நாற்பத்தெண்ணாயிரம். எட்டாயிரம் வீதம் ஆறு பேருக்கு வட்டியில்லாமல் கொடுக்கலாம். அறுவடையில் திரும்பி வந்தால் அடுத்த ஆறு பேருக்கு. கணக்கு மூவர் பெயரில் வங்கியில் இருக்கட்டும். வரவு செலவு கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். வாங்கியவர் பெயரை மட்டும் சந்தியில் பேசாதிருப்போம். இது புதுமையல்ல. 1930களிலேயே மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் வைத்தியசாலை ஒன்றையே கட்டியெழுப்பினார்கள். எமக்கு வேண்டியது ஒரு கொப்பியும் ஒரு வங்கிப் புத்தகமுமே.

இதனால் அரசாங்கத்தின் கடமை நீங்கிவிடாது. ஆதார வைத்தியசாலையில் பரிசோதனை வசதி வேண்டுமென்று சங்கத்தின் பெயரால் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். திருச்சபைக்கும் கடமை உண்டு. நல்ல சமாரியன் காயத்துக்கு மருந்திட்டதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு நாட்கூலிக் காசு கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகப் பொறுப்பேற்றான். காயப்பட்டவன் தலையில் பில் விழவில்லை. அந்த உவமையைப் பிரசங்கிக்கும் ஆலயங்கள், ஒரு ஞாயிறு காணிக்கையை இந்த நிதிக்கு முதலாகக் கொடுக்கட்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து இதைப் பிரேரிக்கட்டும். இன்னொருவர் ஆமோதிக்கட்டும்.